தரையில் தெரியாத தவறு

பாராகிளைடிங்கில் மலைச்சரிவிலிருந்து புறப்படுமுன் தலைக்கவசம், கால்பட்டை, மார்புப்பட்டை, கொக்கிகள், கயிறுகள், இறக்கை, காற்று என ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது மரபு. கற்றுக்குட்டிகளுக்கான பாடம் என்றே நாம் இதைக் கருதக்கூடும். வானூர்தியின் வரலாறோ வேறு விதமாகச் சொல்கிறது.

1935 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ரைட் ஃபீல்ட் தளத்திலிருந்து, போயிங்கின் 'மாடல் 299' என்னும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் சோதனைக்காக எழும்பியது. செங்குத்தாக ஏறி, வேகமிழந்து, விழுந்து எரிந்தது. ஓட்டிய மேஜர் பிளாயர் ஹில்லும் போயிங் விமானி லெஸ்லி டவரும் உயிரிழந்தனர். இருவருமே தேர்ந்த சோதனை விமானிகள்.

எந்திரத்தில் பழுதில்லை என்றது விசாரணை. விமானம் தரையில் நிற்கையில் வால்பகுதிச் சுக்கான்கள் காற்றில் ஆடாதிருக்க ஒரு பூட்டு உண்டு. அதை விடுவிக்க மறந்திருந்தனர்.

இராணுவ விமானிகள் இதற்குக் கண்ட தீர்வு எளியது: புறப்படுமுன் படித்துச் சரிபார்க்க ஒரு சிறு பட்டியல். அவ்விமானமே பின்னர் பி-17 என்ற பெயரில் 12,000க்கும் மேல் உற்பத்தியாயிற்று.

1978இல் பிரான்சின் மியூஸி மலைச்சரிவில் பாராசூட் வீரர்கள் ஓடிப் பறந்ததிலிருந்து வளர்ந்தது இன்றைய பாராகிளைடிங். கால்பட்டையை மாட்டாமல் ஓடினாலும் இறக்கை எழும்பிவிடும். கால் தரையை விட்ட பிறகே உடல் நழுவத் தொடங்கும். அன்றைய பூட்டும் இத்தகையதே. தரையில் வெளிப்படாத தவறை வானில் திருத்த அவகாசமில்லை. ஆதலால் தேர்ந்தவரும் நாள்தோறும் முதல் நாள் மாணவராகவே கொக்கிகளைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.