திரிவழி நீரூட்டல்

திரிவழி நீரூட்டல் என்பது நீர் நிரம்பிய கலத்தையும் தொட்டிச் செடியின் மண்ணையும் ஒரு திரியால் இணைத்து, மண்ணுக்குத் தொடர்ந்து ஈரம் கிடைக்கச் செய்யும் முறை ஆகும். வீட்டில் உள்ளோர் ஓரிரு வாரங்கள் வெளியூர் செல்லும் காலத்தில் உள்ளகச் செடிகளைக் காக்க இது பெரிதும் பயன்படுகின்றது. மின்சாரமோ எக்கியோ இதற்குத் தேவையில்லை. ஆப்பிரிக்க வயலட் எனப்படும் செயின்ட்பாலியாவை வளர்ப்போர் பலர், வீட்டில் இருக்கும் நாட்களிலும் இம்முறையையே கையாளுகின்றனர்.

செயற்படும் விதம்

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதற்கும் இத்திரியில் நீர் ஏறுவதற்கும் நுண்புழை விளைவே காரணம். புழை குறுகக் குறுக நீர் ஏறும் உயரம் கூடும் என்பது ஜூரின் விதி ஆகும். 0.1 மில்லிமீட்டர் ஆரமுடைய தூய கண்ணாடிக் குழாயில் நீர் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரம் ஏறும். நூல் திரியின் இடைவெளிகள் சீரானவை அல்ல. உயரம் கூடக்கூட அதில் ஏறும் நீரின் அளவு குறைந்துவிடும். எனவே கலத்தின் நீர்மட்டத்துக்கும் தொட்டியின் அடிப்பகுதிக்கும் இடையே உள்ள தொலைவு சில சென்டிமீட்டர்களாக இருத்தல் நன்று.

கலத்தைத் தொட்டியை விட உயரத்தில் வைக்க வேண்டும் எனப் பரவலாகக் கூறப்படுகின்றது. இது சரியன்று. நீர்மட்டம் திரியின் மறுமுனையை விட உயரத்தில் இருந்தால் திரி சைபன் குழாயைப் போல் செயற்படத் தொடங்கும். மண் நனைந்த பின்னரும் நீர் வடிந்துகொண்டே இருக்கும். கலம் விரைவில் காலியாவதுடன் வேர்களும் அழுகும். கலம் தாழ்வாக இருந்தால், உலர்ந்த மண்ணின் உறிஞ்சும் விசையே நீரை மேலே இழுக்கின்றது. மண் ஈரமானதும் அவ்விசை தளர்ந்து நீரோட்டமும் குறைகின்றது. இம்முறையின் உண்மையான சிறப்பு இதுவே.

அமைத்தல்

புதிய பருத்தி நூலில் மெழுகும் கஞ்சியும் இருப்பதால் அது முதலில் நீரை ஏற்காது. சவர்க்காரம் இட்டுக் கொதிக்க வைத்த பின் பயன்படுத்தலாம். ஆயினும் பருத்தி ஈர மண்ணில் மட்கிவிடும் என்பதால் நீண்ட காலத்துக்கு நைலான் அல்லது அக்ரிலிக் நூலே ஏற்றது. திரியை நனைத்து, தொட்டியின் அடித்துளை வழியாக மண்ணுக்குள் செலுத்தி, மறுமுனையைக் கலத்தின் அடிவரை விட வேண்டும். மண்ணையும் தொடக்கத்தில் நன்கு நனைத்துவிட வேண்டும். தென்னை நார்த்தூள் கலந்த இளகிய கலவையில் ஈரம் எளிதில் பரவும். இறுகிய களிமண்ணில் நீர் மெதுவாகவே நகரும்.

கலத்தின் கொள்ளளவைத் தராசு கொண்டு கணிக்கலாம். நீர் ஊற்றிய தொட்டியை எடையிட்டு, மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் எடையிட்டால் ஒரு நாளைய இழப்பு தெரியும். ஒரு கிராம் எடை ஒரு மில்லிலீட்டர் நீருக்குச் சமம். நாளொன்றுக்கு 60 கிராம் குறையும் செடிக்கு 12 நாட்களுக்கு 720 மில்லிலீட்டர் தேவை. ஒரு லீட்டர் வைத்தால் போதும். செடியைச் சன்னல் வெயிலிலிருந்து சற்று விலக்கி வைத்தால் இழப்பு மேலும் குறையும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே அமைத்துப் பார்ப்பது பாதுகாப்பானது. கள்ளி, கற்றாழை முதலியவற்றுக்கு இம்முறை வேண்டியதில்லை. இரண்டு வார வறட்சி அவற்றைப் பாதிக்காது, இடைவிடாத ஈரமே கேடு விளைவிக்கும்.

கொசுப் பெருக்கம்

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு எகிப்தி கொசு, தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் சிறிதளவு நீரிலும் முட்டையிடும். வெப்பமான இடங்களில் முட்டை முழுக் கொசுவாக 7 முதல் 10 நாட்கள் போதும். அதாவது, ஒரு விடுமுறைக் காலம். ஆகவே அடித்தட்டில் நீர் நிரப்பிவிட்டுச் செல்வது தவறான வழக்கம். கலத்தின் வாயைத் திரி நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, மற்றப் பகுதியை இறுக மூட வேண்டும். வீட்டில் கொசுப் புழு கண்டறியப்பட்டால் சிங்கப்பூரில் தண்டம் விதிக்கப்படுகின்றது. ஒளி புகாத கலமாயின் பாசியும் படியாது.

பிற முறைகள்

மெருகிடாத மண்பானையைச் செடிக்கு அருகில் புதைத்து நீர் நிரப்பும் பானைப் பாசனம் மிகப் பழமையானது; கி.மு. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த சீன வேளாண் நூலான பான் செங்சி சூ அதனை விவரிக்கின்றது. பெரிய தொட்டிகளுக்கு அது திரியை விட ஏற்றது. நெகிழிப் புட்டியைக் கவிழ்த்துச் செருகும் முறை எளிதாயினும், இளகிய மண்ணில் நீர் ஓரிரு நாட்களிலேயே வடிந்துவிடக்கூடும். வட இந்தியாவில் வைசாகம் எனப்படும் கோடை மாதத்தில், துளையிட்ட பானையைத் துளசிச் செடிக்கு மேல் கட்டித் தொங்கவிடும் வழக்கம் உண்டு. அப்பானையை நாள்தோறும் நிரப்ப ஆள் வேண்டும்.