வாளித் தண்ணீரும் 0.3 டிகிரியும்

பி.காம் படிக்கிறவனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது முழுக்க முழுக்கத் தணிக்கை சமாச்சாரம். "பூமி சூடாகிறது என்பவர்கள் பழைய கணக்கைத் திருத்திவிட்டார்கள்" என்ற குற்றச்சாட்டு அடிக்கடி காதில் விழுகிறது. திருத்தியது உண்மைதான். எதை, எந்தப் பக்கமாகத் திருத்தினார்கள் என்பதில்தான் கதையே இருக்கிறது.

1853-ல் பிரஸ்ஸல்ஸில் பத்து நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். முன்னின்று நடத்தியவர் அமெரிக்கக் கடற்படையின் மாத்யூ மோரி. காற்று, நீரோட்டம், கடல்நீரின் வெப்பம் எல்லாவற்றையும் கப்பல்கள் ஒரே மாதிரிப் படிவத்தில் குறிக்க வேண்டும் என்று முடிவானது. பருவநிலை ஆராய்ச்சி யார் மனதிலும் இல்லை. கப்பல் சீக்கிரமாக, பத்திரமாகக் கரை சேர வேண்டும், அவ்வளவே. ஆக, இது வியாபாரக் கணக்குதான் :-)

வெப்பத்தை எப்படி அளந்தார்கள்? கயிற்றில் வாளியைக் கட்டிக் கடலில் இறக்கி, மேலே தூக்கி, தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார்கள். முதலில் மர வாளி, பிறகு கித்தான் வாளி. இங்கேதான் வில்லங்கம். கித்தானில் நீர் கசியும், காற்று பட்டு ஆவியாகும், மண்பானைத் தண்ணீர் மாதிரி வாளித் தண்ணீரும் குளிர்ந்துவிடும். அளவு சில பத்தில் ஒரு பங்கு டிகிரி குறையும். நீராவிக் கப்பல்கள் வந்தபின் இன்னொரு வழியும் வந்தது. எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் கடல்நீரை எஞ்சின் அறையிலேயே அளப்பது. இதில் பிழை எதிர்ப்பக்கம்: கொஞ்சம் அதிகமாகக் காட்டும்.

இப்போது 1945-க்கு வருவோம். அந்த ஆண்டின் பிற்பகுதியில் உலகக் கடல்களின் சராசரி வெப்பநிலை திடீரென்று சுமார் 0.3 டிகிரி செல்சியஸ் இறங்குகிறது. நிலத்தின் வெப்பநிலையில் அப்படியொரு சரிவே இல்லை! 2008-ல் டேவிட் தாம்ப்சன் குழுவினர் நேச்சர் இதழில் காரணத்தை எழுதினார்கள். 1942 முதல் 1945 ஆகஸ்ட் வரை கிடைத்த அளவுகளில் சுமார் 80 சதவீதம் அமெரிக்கக் கப்பல்களுடையவை. அவை பெரும்பாலும் எஞ்சின் அறையில் அளந்தவை. பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு வெறும் 5 சதவீதம். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் பங்கு பாதியாக ஏறியது. அவர்கள் கையில் இருந்தது வாளி. கடல் குளிரவில்லை, குமாஸ்தா மாறினார், அவ்வளவுதான்.

இதை ஏன் முன்பே பிடிக்கவில்லை? 1941-க்குப் பிறகு வாளித் திருத்தம் தேவையில்லை என்று முன்பு கணக்கிட்டவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாளியோ போருக்குப் பின்னும் ஓய்வு பெறவில்லை.

2019-ல் இன்னொன்று வெளிப்பட்டது. ஜப்பானியக் கப்பல் குறிப்புகளில் ஒரு தொகுதியைக் கணினிக்கு மாற்றியபோது தசமத்தை வெட்டியிருந்தார்கள். 25.7 என்றால் 25. எங்கள் ஆசிரியரிடம் இப்படி ரவுண்ட் செய்தால் மதிப்பெண்ணையும் அதே பாணியில் ரவுண்ட் செய்துவிடுவார். இதனால் வட பசிபிக் இல்லாத குளிர்ச்சியைக் காட்டிக்கொண்டிருந்தது.

சரி, குற்றச்சாட்டுக்கு வருவோம். வாளிப் பிழையைச் சரிசெய்தால் பழைய கடல் இன்னும் சூடாகிறது. தொடக்க இருப்பு கூடினால் வளர்ச்சி குறையும், இது நமக்குப் பாலபாடம். அதாவது, இந்தத் திருத்தம் நூற்றாண்டுக் கணக்கில் கடல் வெப்ப உயர்வைக் குறைத்தே காட்டுகிறது. லாபத்தை ஊதிக் காட்ட நினைக்கும் எந்தக் கம்பெனி தொடக்க இருப்பைப் போய் உயர்த்தும்? அத்தனை கழிவுக்குப் பிறகும் 1850–1900 சராசரியைவிட 2011–2020-ல் கடற்பரப்பு சுமார் 0.88 டிகிரி கூடுதல் சூடாக இருந்தது என்கிறது ஐபிசிசி-யின் 2021 அறிக்கை.

பிரிட்டனின் ஹாட்லி மையம் 2011-ல் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. வாளிப் பிழையை இவ்வளவு வைக்கலாம், அவ்வளவு வைக்கலாம் என்று ஒரே கணக்கை நூறு விதமாகப் போட்டு, நூறையும் வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கலாம். நூறிலும் கடல் சூடாகத்தான் ஆகிறது.