போலியும் கள்ளமும்

சில ஆண்டுகளுக்கு முன் சீனாவுக்குப் போய்த் திரும்பிய நண்பர் ஒருவர், புத்தம்புதிய விளையாட்டுக் காலணி ஒரு ஜோடியை மேசைமீது வைத்து, "இது அசலா, போலியா? சொல்லுங்கள் பார்க்கலாம்" என்றார். புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றின் சின்னம் பக்கவாட்டில் இருந்தது. தையலில் பிசிறில்லை, அடிப்பாகம் ஒட்டப்பட்ட இடத்தில் பசை வழியவில்லை. விலை மட்டும் கடை விலையில் ஐந்தில் ஒரு பங்கு. விற்றவர் அவருக்குச் சொன்ன விளக்கம் இது: அந்த நிறுவனத்துக்குக் காலணி செய்துகொடுக்கும் அதே தொழிற்சாலையில், அதே இயந்திரங்களில், அதே தொழிலாளர்கள், ஆர்டர் முடிந்தபின் இரவு ஷிப்டில் செய்த காலணி. நிறுவனத்துக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அங்கிருந்தவர்கள் இரு கட்சிகளாகப் பிரிந்தனர். பொருள் அதேதான் என்றால் அதை எப்படிப் போலி என்பது என்றது ஒரு கட்சி. பெயருக்கு உரியவர் அனுமதிக்காததை எப்படி அசல் என்பது என்றது மற்றது. நான் அன்று எதிலும் சேரவில்லை. பின்னர் படித்துப் பார்த்தபோது, இந்தக் கேள்வி அந்தக் காலணியைவிட மிகப் பழையது என்பதும், நாடுகளையும் நீதிமன்றங்களையும் அது தடுமாற வைத்திருக்கிறது என்பதும் தெரிந்தன.

முதலில் ஒரு எச்சரிக்கை. 'அதே தொழிற்சாலையில் செய்தது' என்பது பெரும்பாலும் விற்பவர் சொல்லும் கதை. சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் உள்ள பூட்டியன் நகரம் 1980களிலிருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் காலணி செய்துகொடுத்துத் தேர்ந்த ஊர். அங்கே கற்ற கைகள் பின்னர் தனிப் பட்டறைகளில் அதே வடிவங்களைப் பிரதியெடுக்கத் தொடங்கின. போலிக் காலணிகளுக்கு அவ்வூர் பெயர்பெற்றது அப்படித்தான். ஆகவே நண்பரின் காலணி பூட்டியன் போன்றதொரு ஊரின் பட்டறையில் பிறந்ததாகவே இருக்கலாம். ஆனால் விற்றவர் சொன்னது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் கேள்வி கூர்மையடைகிறது.

* * *

இந்தக் கேள்வியின் மிகத் தூய வடிவம் காலணியில் எழவில்லை, பணத்தாளில் எழுந்தது. 1924ஆம் ஆண்டின் இறுதியில், போர்ச்சுகலைச் சேர்ந்த ஆர்துர் ஆல்வெஸ் டோஸ் ரெய்ஸ் என்பவர் ஓர் ஒப்பந்தத்தைப் பொய்யாகத் தயாரித்தார். அங்கோலா குடியேற்ற நாட்டுக்குக் கடன் திரட்டுவதற்காகப் பணத்தாள் அச்சிட்டுக்கொள்ள போர்ச்சுகல் வங்கி அனுமதி தந்திருப்பதாக அது சொன்னது. அவருடைய கூட்டாளிகளில் ஒருவரான டச்சுக்காரர் மராங், அதை லண்டனில் இருந்த வாட்டர்லோ அண்ட் சன்ஸ் என்ற அச்சகத்துக்கு எடுத்துச் சென்றார்.

அந்த அச்சகம் ஏதோ ஒரு கள்ள அச்சகம் அல்ல. வாஸ்கோ ட காமாவின் உருவம் பொறித்த 500 எஸ்குடோ தாளைப் போர்ச்சுகல் வங்கிக்காக முறைப்படி அச்சிட்டுக் கொடுத்ததே அதுதான். வந்த ஒப்பந்தத்தை அது நம்பியது. 1925ஆம் ஆண்டில் இரண்டு தவணைகளாக மொத்தம் 5,80,000 தாள்கள் அச்சாகி மராங்கின் கைக்குப் போயின. தகடும் தாளும் மையும் வங்கிக்கு அச்சிட்டவைதாம்; அச்சிட்ட கைகளும் அவையே. அனுமதி ஒன்றுதான் இல்லை. நண்பரின் காலணிக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைச் சொல்லத் தேவையில்லை.

ரெய்ஸ் அந்தப் பணத்தைக் கொண்டு ஒரு வங்கியையே தொடங்கினார். அத்தோடு நில்லாமல் போர்ச்சுகல் வங்கியின் பங்குகளையும் வாங்க ஆரம்பித்தார். வங்கியே தன் கைக்கு வந்துவிட்டால், அனுமதி இல்லாமல் அச்சிட்டது யார் என்று கேட்க எவரும் இருக்கமாட்டார் என்பது கணக்கு. 1925 டிசம்பரில் 'ஓ செக்குலோ' நாளிதழ் அவருடைய வங்கியைப் பற்றி எழுதியது. போர்ட்டோ நகரக் கிளையில் சோதனை நடந்தது. தாள்களைப் பார்த்த வல்லுநருக்கு அவற்றில் எந்தக் குறையும் தென்படவில்லை. ஒரே எண் கொண்ட இரண்டு தாள்கள் அகப்பட்ட பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. அங்கோலாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ரெய்ஸ் கப்பலிலேயே கைதானார். 1930இல் 20 ஆண்டு தண்டனை பெற்று, 1945இல் விடுதலையாகி, 1955இல் வறுமையில் இறந்தார்.

வங்கி அடுத்துச் செய்ததுதான் இங்கே முக்கியம். 500 எஸ்குடோ வாஸ்கோ ட காமா தாள்கள் அனைத்தையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. கொண்டுவந்தவரிடம் "இது நாங்கள் அச்சிடச் சொன்ன தாளா, ரெய்ஸ் அச்சிடச் சொன்ன தாளா?" என்று கேட்க முடியவில்லை. அவருக்கும் தெரியாது, முதலில் வங்கிக்கும் தெரியவில்லை. ஆகவே கெடு முடியும்வரை வந்த தாளுக்கெல்லாம் வேறு தாள் கொடுத்தது. அனுமதியில்லாமல் பிறந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களுக்கு இவ்வாறு மதிப்புக் கிடைத்தது.

பிறகு வங்கி அச்சகத்தின்மீது லண்டனில் வழக்குத் தொடுத்தது. 1932இல் அது பிரபுக்கள் சபைவரை சென்றது. அச்சகத்தின் வாதம் எளிமையானது. போர்ச்சுகல் 1891லேயே தாளுக்குத் தங்கம் தருவதை நிறுத்திவிட்டது. ஆகவே வங்கி இழந்தது வெறும் தாளும் மையும்தான், மாற்றாகக் கொடுத்த தாள்களின் அச்சுக்கூலியான 8,922 பவுண்டு கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்றது. ஐந்து நீதிபதிகளில் வாரிங்டன், ரசல் ஆகிய இருவர் இதை ஏற்றனர். சாங்கி, அட்கின், மேக்மில்லன் ஆகிய மூவர் மறுத்தனர். பணத்தாள் என்பது காகிதம் அன்று. வங்கி தன் பெயரால் கொடுக்கும் வாக்குறுதி. அதைக் கொடுத்தபோதே முழு மதிப்புக்கும் வங்கி கடன்பட்டுவிட்டது என்றனர். தீர்ப்பு 6,10,392 பவுண்டு.

ஒரே தாளைப் பார்த்த ஐவரில் இருவர் பொருளைப் பார்த்தார்கள். மூவர் வாக்கைப் பார்த்தார்கள். எங்கள் நண்பர்கள் பிரிந்ததும் இந்தக் கோட்டின் இரு பக்கமும்தான்.

* * *

இனிக் காலணிக்கு வருவோம். இதே பிரிவினை அமெரிக்க நீதிமன்றங்களில் காலணி வழியாகவே அரங்கேறியது. எல் கிரேக்கோ என்ற அமெரிக்க நிறுவனம், 'கேண்டீஸ்' என்ற தன் பெயரில் பெண்கள் காலணிகளைச் செய்துதரும்படி 1980களின் தொடக்கத்தில் பிரேசிலில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு ஆர்டர் கொடுத்தது. ஒவ்வொரு தொகுதியையும் தன் முகவர் பார்த்துச் சான்று தந்தபின்னரே பணம் என்பது ஏற்பாடு. தாமதம் காரணமாகக் கடைசி இரண்டு தொகுதிகளை அது ரத்து செய்தது. தொழிற்சாலையோ காலணிகளைச் செய்து முடித்திருந்தது. அவற்றை வேறொருவருக்கு விற்றது. அவை அமெரிக்கக் கடைகளுக்கு 'கேண்டீஸ்' பெயருடனேயே வந்துசேர்ந்தன.

உரிமையாளரே சொல்லிச் செய்த காலணிகள், உரிமையாளரே தேர்ந்த தொழிற்சாலை. ஆகவே இவை அசலே என்றது கீழ் நீதிமன்றம். 1986இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அது சொன்ன காரணம் சிந்திக்கத்தக்கது. அந்தக் காலணிகள் மட்டமானவை என்று அது சொல்லவில்லை. அவை நன்றாகவே இருக்கலாம். ஆனால் நன்றாக இருக்கின்றனவா என்று பார்த்து 'ஆம், இது என்னுடையது' என்று சொல்லும் உரிமை பெயருக்கு உரியவருடையது, அந்த வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை, ஆகவே இவை அசல் அல்ல என்றது.

இதில் ஒரு முரண் உண்டு. அதே அமெரிக்காவில் வணிகச் சின்னத்தைக் கள்ளத்தனமாகப் பயன்படுத்துவதைக் குற்றமாக்கும் சட்டம் 1984இல் வந்தபோது, அதில் ஒரு விலக்கும் சேர்க்கப்பட்டது. பொருளைச் செய்த நேரத்தில் அந்தச் சின்னத்தைப் பயன்படுத்தச் செய்தவருக்கு அனுமதி இருந்திருந்தால், அப்பொருள் அச்சட்டத்தின் பொருளில் போலி ஆகாது. அதாவது ஆயிரம் ஜோடி செய்ய அனுமதி பெற்றவர் இரண்டாயிரம் செய்தால், கூடுதல் ஆயிரத்துக்காக அவரைச் சிறைக்கு அனுப்ப இச்சட்டம் உதவாது. உரிமையாளர் இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்குத் தொடுத்துக்கொள்ளலாம். ஆனால் 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை, அனுமதியின்றி அதே சின்னத்தைத் தாங்கிய பொருளே போலிப் பொருள் என்கிறது. செய்தவர் யார் என்ற கேள்வியே அதில் இல்லை. ஆகவே அந்தக் கூடுதல் ஆயிரம் ஜோடியை ஓர் ஏடு போலி என்று சொல்லும், இன்னோர் ஏடு சொல்லாது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நியூ பேலன்ஸ் நிறுவனம் 1990களில் சீனாவில் தன் காலணிகளைச் செய்யவும் விற்கவும் தைவானைச் சேர்ந்த ஒரு தொழிலதிபருக்கு உரிமம் கொடுத்தது. அவர் மலிவான ரகத்தைத் தாங்கள் விரும்பாத அளவுக்குச் செய்து குவிப்பதாகக் கருதி 1999இல் உரிமத்தை முடித்துக்கொண்டது. தொழிற்சாலை நிற்கவில்லை, அங்கே செய்த காலணிகள் வேறு நாட்டுச் சந்தைகளிலும் தலைகாட்டின. நேற்றுவரை அசலைச் செய்த இயந்திரம் இன்றும் அதையே செய்தது. மாறியது ஒரு கடிதத்தின் தேதிதான்.

* * *

அப்படியானால் அனுமதியே எல்லாம் என்று முடித்துவிடலாமா? எனக்கு அங்கேதான் தயக்கம்.

நைக்கி நிறுவனத்தின் பிறப்பை எடுத்துக்கொள்வோம். 1964இல் 'ப்ளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ்' என்ற பெயரில் தொடங்கி, ஜப்பானின் ஒனிட்சுகா நிறுவனத்தின் 'டைகர்' காலணிகளை அமெரிக்காவில் விற்றுவந்தது அது. 1971இல் வேறொரு ஜப்பானியத் தொழிற்சாலையில் தன் சொந்தச் சின்னத்துடன் காலணி செய்யத் தொடங்கியது, உறவு முறிந்தது. இருவரும் 'கோர்டெஸ்' என்ற ஒரே காலணியை விற்றார்கள். 1974இல் நீதிபதி ஜேம்ஸ் பர்ன்ஸ் இரு தரப்பும் காலணியை விற்கலாம், பெயர் மட்டும் அமெரிக்க நிறுவனத்துக்கு என்று தீர்த்தார். ஒனிட்சுகாவின் காலணி 'கோர்சேர்' ஆயிற்று. உருவம் இருவருக்கும் பொது, பெயர் மட்டும் ஒருவருக்கு.

பெயரை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு, செய்யும் வேலையைப் பிறர் தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பது அதன்பின் இத்துறையின் வழக்கமே ஆகிவிட்டது. 1990களில் இந்தோனேசியா, வியட்நாம் தொழிற்சாலைகளின் கூலியும் காற்றும் பற்றிக் கேள்வி எழுந்தபோது, அவை ஒப்பந்தக்காரர்களின் தொழிற்சாலைகள், எங்களுடையவை அல்ல என்பதே முதலில் வந்த பதில். 1998 மே மாதத்தில்தான் நைக்கியின் தலைவர் ஃபில் நைட் வாஷிங்டனில் பேசி, தொழிலாளரின் குறைந்தபட்ச வயது, தொழிற்சாலைக் காற்றின் தரம் போன்றவற்றுக்குப் பொறுப்பேற்க முன்வந்தார்.

இரவு ஷிப்டின் காலணியைக் காட்டி "இது எங்கள் பெயர்" என்று சொல்லும் அதே வாய், பகல் ஷிப்டின் தொழிலாளியைக் காட்டும்போது "அது எங்கள் தொழிற்சாலை அல்ல" என்று சொல்ல முடியாது. பெயர் ஒரு வாக்குறுதி என்றால் அது இரு பக்கமும் கட்டும். லிஸ்பன் வங்கி இதை உணர்ந்திருந்தது. தான் கொடுக்காத வாக்கையும், தன் பெயரை நம்பி வாங்கியவருக்காக அது காப்பாற்றியது.

* * *

நமக்குத் தமிழில் ஒரு வசதி இருக்கிறது. மேலே சொன்ன சட்டங்கள் ஒரே சொல்லால் குறிக்க முயன்று தடுமாறும் இடத்தில், நம்மிடம் இரண்டு சொற்கள் உண்டு. போலி என்பது 'போல' என்பதிலிருந்து வந்தது. ஒன்றைப் போன்றிருந்தும் அதுவாக இல்லாதது. கள்ளம் வேறு. கள்ளச் சாராயம் சாராயத்தைப் போன்ற ஒன்றல்ல. அது சாராயமேதான், உரிமம்தான் இல்லை. கள்ளச் சந்தையில் விற்கும் அரிசி அரிசிதான். பட்டறையில் பார்த்துச் செய்த காலணி போலி. இரவு ஷிப்டில் பிறந்த காலணி போலி அல்ல, கள்ளம். முன்னதில் பொருள் பொய். பின்னதில் பொருள் மெய், அதன்மீது எழுதிய சொல் பொய்.

நம் இலக்கணம் இன்னும் ஓரடி செல்கிறது. 'அறம்' என்பதற்கு 'அறன்' என்று எழுதினால் அதைப் பிழை என்று தள்ளாமல் கடைப்போலி என்று பெயரிட்டு ஏற்றுக்கொள்கிறது. சான்றோர் வழக்கு பொறுப்பேற்றுக்கொண்ட பிறகு போலியும் செல்லுபடியாகிறது. லிஸ்பனில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே.

நண்பரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்வதென்றால் இப்படிச் சொல்வேன். காலணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில் பயனில்லை. மூன்றாம் மாதத்தில் அடிப்பாகம் பிரிந்தால் யாரிடம் கொண்டுபோய்க் கேட்பீர்கள்? அதைத் தைத்தவருக்குக் கூலி கிடைக்காவிட்டால் அவர் யாரிடம் கேட்பார்? இரண்டுக்கும் பதில் சொல்ல ஒருவர் இருந்தால் அது அசல். கடையில் முழு விலை கொடுத்து வாங்கும் காலணியிடமும் இந்த இரண்டாம் கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.