மூவிலைத் தழையும் வரி வழக்கும்

1952-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள், புனித பாட்ரிக் திருநாளன்று, வாஷிங்டனில் இருந்த அயர்லாந்துத் தூதர் ஜான் ஹெர்ன் வெள்ளை மாளிகைக்கு ஒரு சிறு பெட்டியை அனுப்பினார். அதனுள் இருந்தது ஷாம்ராக் என்னும் மூவிலைத் தழை. அதிபர் ட்ரூமன் அன்று ஊரில் இல்லை.

இந்த ஹெர்ன் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். அயர்லாந்தின் 1937-ஆம் ஆண்டு அரசியலமைப்பை வரைந்தவர்களுள் முதன்மையானவர் அவர். நம் அரசியலமைப்பின் வழிகாட்டு நெறிகள் அதனைத் தழுவியவை. பல்லாண்டு குடிமையியல் கற்பித்தும், அவர் பெயரை நான் அறிந்தது ஓய்வு பெற்ற பின்னரே.

தழை அனுப்பக் காரணம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. 1949-இல் நேட்டோவிலும் சேரவில்லை. அமெரிக்க அரசின் மனம் கசந்திருந்தது.

அயல்நாட்டு முதலை அயர்லாந்து தொடக்கத்திலிருந்தே வரவேற்றது என்று எண்ணிவிடாதீர்கள். பிரிட்டிஷ் முதலாளிகளின் ஆதிக்கத்துக்கு அஞ்சி, புதிய ஆலைகளின் உரிமையில் பெரும்பகுதி தன் மக்களிடமே இருக்க வேண்டுமென்று 1932, 1934-ஆம் ஆண்டுகளில் சட்டம் செய்தது. காவல் பலமாயிருந்தது, வேலைதான் இல்லை. 1950-களில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் பேர் நாட்டை விட்டு வெளியேறினர். பின்னர் மனம் மாறியது. 1956-இல் ஏற்றுமதி இலாபத்தின் மீதான வரியில் பாதி தள்ளுபடி. 1958-இல் முழுவதும் தள்ளுபடி. 1973-இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்ததும் அதன் சந்தையும் திறந்தது. 1980-இல் ஆப்பிள் நிறுவனம் கார்க் நகரில் ஆலை அமைத்தது.

அழைத்த விருந்தினரைக் காப்பதே இனி அயல்நாட்டுக் கொள்கையின் பெரும்பணியாயிற்று. 2010-இல் வங்கிகள் சரிந்து, அயர்லாந்து பிறரிடம் கடனுக்குக் கையேந்தியது. நிறுவன வரியை உயர்த்துமாறு பிரான்சும் ஜெர்மனியும் வற்புறுத்தின. கடன்பட்ட நிலையிலும் அயர்லாந்து 12.5 விழுக்காட்டை விட்டுக்கொடுக்கவில்லை. 2016-இல் நடந்ததோ அதனினும் விந்தை. ஆப்பிளிடமிருந்து 1,300 கோடி யூரோ வரி வசூலிக்குமாறு ஐரோப்பிய ஆணையம் கட்டளையிட, அயர்லாந்து அதை எதிர்த்து வழக்காடியது! தனக்கு வரவேண்டிய பணத்தை வேண்டாமென்று நீதிமன்றம் ஏறிய அரசு வேறு உண்டோ? பேராசை இல்லாமை அன்று அது. வாங்கினால், வந்தவர்கள் நம்பிக்கை இழப்பார்களே என்ற அச்சம். 2024 செப்டம்பர் 10-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அயர்லாந்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தோற்றதனால் கருவூலம் நிறைந்தது.

அச்சம் வீணன்று. 2022-இல் அந்நாட்டின் நிறுவன வரியில் பாதிக்கு மேல் செலுத்தியவை பத்தே நிறுவனங்கள். ஒருவரையே நம்பிக் கடை நடத்துவோரின் கவலையை நம் சிற்றூர்களிலும் கண்டிருக்கிறேன்.

2025 மார்ச் 12-இல் பிரதமர் மீஹால் மார்ட்டின் தழைக் கிண்ணத்துடன் வெள்ளை மாளிகைக்குச் சென்றார். அயர்லாந்து அமெரிக்க மருந்து நிறுவனங்களைக் கொண்டுபோய்விட்டதென்று அதிபர் டிரம்ப் செய்தியாளர் முன்னிலையிலேயே குறை கூறினார். மார்ட்டின் குரலை உயர்த்தவில்லை. ஐரிஷ் நிறுவனங்கள் எத்தனை போயிங் விமானங்களை வாங்குகின்றன என்பதை நினைவூட்டினார்.