பந்தம் (யோகம்)

பந்தம் என்பது உடலின் ஒரு பகுதியை இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி நிறுத்தும் ஹடயோகப் பயிற்சி. வடமொழியில் கட்டு என்று பொருள். 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகையின் மூன்றாம் அத்தியாயம் மூலபந்தம், உட்டியாண பந்தம், ஜாலந்தர பந்தம் ஆகியவற்றை முத்திரைகளோடு சேர்த்துச் சொல்கிறது.

ஜாலந்தரத்தில் முகவாய் மார்பை நோக்கித் தாழும். மூலபந்தத்தில் இடுப்படித் தசைகள் மேலிழுக்கப்படும். கண்ணுக்கு நன்றாகத் தெரிவது உட்டியாணம்தான். நின்றபடி முழங்கால்களைச் சற்று மடக்கி, தொடைகளில் கையூன்றி, மூச்சை முழுதும் வெளியே விட வேண்டும். பிறகு காற்றை உள்ளே விடாமலே, மூச்சிழுப்பதுபோல விலாவை விரித்தால் உதரவிதானம் மேலேறும். வயிறு விலா எலும்புக்கு அடியில் குழிந்து ஒட்டிக்கொள்ளும். வயிற்றை எக்குவதையே உட்டியாணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு, இங்கே வயிற்றுத் தசை தளர்ந்திருக்க வேண்டும்.

லோனாவ்லாவில் 1924இல் கைவல்யதாமம் என்னும் யோக நிறுவனத்தைத் தொடங்கிய சுவாமி குவலயானந்தர் உட்டியாணத்தை எக்ஸ்ரே எடுத்தும் அழுத்தத்தை அளந்தும் ஆராய்ந்தார்.

இடுப்படித் தசைப் பயிற்சி சிறுநீர்க் கசிவைக் குறைக்கும் என்பதை மருத்துவம் ஏற்கிறது. மூலபந்தம் அதற்கு நெருங்கிய உறவு. மூப்பையே வெல்லலாம் என்பது போன்ற பழைய கூற்றுகள் நம்பிக்கையின் பாற்பட்டவை.

உட்டியாணத்தை வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும். கர்ப்பிணிகளும், உயர் ரத்த அழுத்தம், குடற்புண், குடலிறக்கம் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும்.