எமன் வேடத்தைக் கலைத்த சுவாமிகள்

பி.காம். படிப்பவனுக்கு எகிப்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அங்கேயும் கணக்குதான்! :-)

பழைய எகிப்தியர் நம்பிக்கைப்படி, இறந்தவரின் இதயத்தைத் தராசின் ஒரு தட்டில் வைப்பார்கள். மறு தட்டில் 'மாத்' என்ற சத்திய தேவதையின் இறகு. நிறுப்பவர் அனுபிஸ். கணக்கு எழுதுபவர் தோத், அதாவது அவர்கள் ஊர் சித்திரகுப்தன்! பாவத்தால் இதயம் கனத்துவிட்டால் அம்மித் என்ற மிருகம் அதை விழுங்கிவிடும்.

இந்தத் தீர்ப்பில் தப்பிக்க மந்திரங்கள் எழுதிய சுருளைப் பிணத்தோடு புதைத்தார்கள். பெயருக்கு மட்டும் இடம் விட்டு, மற்றதை முன்பே எழுதி விற்ற சுருள்களும் உண்டு. ஆக, பணம் உள்ளவனுக்கே அந்த ஞானம் கிடைத்தது. இல்லாதவனுக்கு?

அவனுக்கு நாடகம் இருந்தது. சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் செனுஸ்ரெத் மன்னன், இகெர்னோபிரெத் என்ற அதிகாரியை அபிடோஸ் நகருக்கு அனுப்பினான். ஒசிரிஸ் கடவுளின் மரணத்தையும் வெற்றியையும் ஊர்வலமாக நடித்துக் காட்டிய விழாவை நடத்தியதை அவர் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்.

நம் ஊரில் இதே வேலையைச் செய்தவர் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். ஆரம்பத்தில் அவர் நடிகர். எமன், சனீஸ்வரன் போன்ற வேடங்களில் பயங்கரமாக நடிப்பாராம். ஒருமுறை அவருடைய எமனைப் பார்த்து மிரண்ட கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கரு கலைந்துவிட்டது என்று சொல்வார்கள். மனம் உடைந்த அவர் வேடம் கட்டுவதையே விட்டுவிட்டார்.

ஆனால் நாடகத்தை விடவில்லை! எழுத்தாளராக, ஆசிரியராக மாறினார். 1910-ல் 'சமரச சன்மார்க்க நாடக சபை'யைத் தொடங்கினார். 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'வை அமைத்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள்தான். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று சுமார் 40 நாடகங்கள் எழுதி, 1922-ல் புதுச்சேரியில் காலமானார்.

சாவித்திரி கதையை யோசித்துப் பாருங்கள். எமனிடம் வாதாடி ஒரு பெண் ஜெயிக்கிறாள். சாவுக்கும் நியாயம் உண்டு என்பதை, எழுதப் படிக்கத் தெரியாதவரும் தரையில் உட்கார்ந்து விடிய விடியக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். சுருள் வாங்க வேண்டியதில்லை.

எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. பாராட்டு வாங்கித் தந்த வேடம் ஒரு உயிரை வாட்டியது என்று கேட்டதும், அதை அவர் கழற்றி வைத்தாரே! தன் இதயத்தைத் தானே தராசில் வைத்த மனிதர் அவர்.

எங்கள் வாழவந்தி பக்கமோ உங்கள் ஊரிலோ திருவிழாவில் கூத்தோ நாடகமோ போட்டால், செல்போனைப் பையில் போட்டுவிட்டு ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். நம் பாட்டிகள் படித்த பள்ளிக்கூடம் அது.