கண்டி தேசிய வைத்தியசாலை

இலங்கையின் மத்திய மாகாணத் தலைநகரான கண்டியில், வில்லியம் கொபல்லாவ மாவத்தையில் அமைந்துள்ள அரச வைத்தியசாலை. 2,000க்கும் மேற்பட்ட கட்டில்களைக் கொண்டது. கொழும்புத் தேசிய வைத்தியசாலைக்கு அடுத்தபடியாக நாட்டில் இதுவே பெரியது. நெடுங்காலம் கண்டிப் பொது வைத்தியசாலை என்றும் பின்னர் போதனா வைத்தியசாலை என்றும் வழங்கி, 2010களின் இறுதியில் தேசிய வைத்தியசாலையாகத் தரமுயர்ந்தது. தோட்டங்களிலும் பஸ்களிலும் அதன் பெயர் எப்போதும் 'கண்டி ஆஸ்பத்திரி'தான். பெயர் நகரத்தினுடையது என்றாலும், அதை வளர்த்தவர்கள் பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே இருந்து வந்த நோயாளிகள்: கோப்பித் தோட்டக் கூலிகள், மலேரியாக் கிராமத்தவர், பிற்காலத்தில் வறண்ட வலயத்து விவசாயிகள்.

கண்டியில் ஆங்கில மருத்துவத்தின் தொடக்கம் மங்களகரமானதன்று. 1803இல் நகரைப் பிடித்த பிரித்தானியப் படையினர் சில மாதங்களுக்குள் காய்ச்சலில் விழுந்தார்கள். ஜூன் மாதம் மேஜர் டேவி சரணடைந்து வெளியேறியபோது, நடக்க முடியாத நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிப் படையினரைப் படை மருத்துவமனையிலேயே விட்டுச் சென்றார். அவர்கள் அங்கேயே கொல்லப்பட்டனர். வெளியேறிய படையும் தப்பவில்லை. மகாவலிக்கு அப்பாலுள்ள குண்டசாலை ஊருக்கு எதிர்க்கரையில், வட்டபுளுவவில், ஆற்றைக் கடக்க வழியின்றி நின்றபோது அழிக்கப்பட்டது. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்த பின் வந்த படை மருத்துவர்களுள் ஜோன் டேவி குறிப்பிடத்தக்கவர். வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் தம்பியான இவர், 1821இல் வெளியிட்ட நூலில் கண்டி நாட்டின் காய்ச்சல்களையும் உள்ளூர் வைத்தியத்தையும் விரிவாகப் பதிவு செய்தார். அரண்மனைக்கும் ஊருக்கும் வைத்தியம் பார்த்த பரம்பரை வைத்தியர்கள் அப்போதும் இருந்தார்கள். மக்கள் அவர்களிடமே போனார்கள். படை மருத்துவம் படைக்கானது.

நிலைமையை மாற்றியது கோப்பி. 1830களின் பிற்பகுதி தொட்டுத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். தண்ணீரில்லாத வழி. வாந்திபேதி, வயிற்றுளைச்சல், காய்ச்சல், பட்டினி. விழுந்தவர் விழுந்த இடத்திலேயே கிடந்தார். எழுந்தவர் கண்டி வரை வந்து தெருவோரத்தில் விழுந்தார். எத்தனை பேர் இறந்தார்கள் என்பது அன்றைக்கே தோட்டத்துரைமாருக்கும் பத்திரிகைக்குமிடையே சண்டையானது. அந்தச் சண்டையில் முன்னின்ற 'கொழும்பு அப்சர்வர்' ஆசிரியர் கிறிஸ்தோபர் எலியட் ஒரு மருத்துவர். 1858இல் சிவில் மருத்துவத் திணைக்களம் உருவானபோது அதன் தலைவராக அரசாங்கம் நியமித்தது அவரைத்தான். குறை சொன்னவர் தலையிலேயே பொறுப்பைக் கட்டிய அந்த நியமனம் காலனி ஆட்சியில் அபூர்வம்.

1867இல் புகையிரதம் கண்டிக்கு வந்தது. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்து, செலவில் ஒரு பங்கைத் தோட்டங்கள் மீது சுமத்தியது. மலைநாட்டின் மாவட்ட வைத்தியசாலைகள் பல இந்த ஏற்பாட்டின் வழி வந்தவை. 1912இல் சட்டம் மீண்டும் திருத்தி எழுதப்பட்டது. தோட்டத்தில் டிஸ்பென்சர், அவருக்கு மேலே மாவட்ட வைத்தியசாலை, அங்கும் முடியாததற்குக் கண்டி என்ற படிவரிசை இக்காலத்தில் உருவாகி, சிற்சில மாற்றங்களுடன் இன்றும் நிற்கிறது. தாளில் ஒழுங்கான ஏற்பாடு. நடைமுறையில், நோயாளியை எப்போது மேலே அனுப்புவது என்பதைப் பெரும்பாலும் துரையும் கங்காணியுமே தீர்மானித்தார்கள். கண்டிக்கு வந்து சேர்ந்தவர்களில் பலர் காலங்கடந்து வந்தவர்கள்.

அடுத்த பெருஞ்சோதனை 1934–35 மலேரியாக் கொள்ளைநோய். பருவமழை பொய்த்து ஆறுகள் ஓட்டமிழந்தன. மகாவலி, மகா ஓயா, தெதுரு ஓயாப் படுக்கைகளில் தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகியது. வழக்கமாக மலேரியா காணாத ஈரவலய ஓரத்து மக்களிடம் எதிர்ப்புச் சக்தி இருக்கவில்லை. கேகாலை, குருநாகல், கண்டி மாவட்டங்கள் கடுமையாகத் தாக்கப்பட, நாடு முழுவதும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். நகரத்துப் பெரிய வைத்தியசாலைகளால் மட்டும் இப்படிப்பட்ட நோயைத் தடுக்க முடியாது என்பதை அந்த ஆண்டு காட்டியது. ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமான சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமங்களுக்குச் சென்று கொயினாவும் பருப்புக் கஞ்சியும் கொடுத்தார்கள். அவர்களுடன் உழைத்த மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவின் பெயர், வேறொரு விடயத்தில் பின்னால் மீண்டும் வரும்.

போதனைப் பணி 1960களுக்குரியது. கொழும்பில் 1870இல் மருத்துவப் பள்ளி தொடங்கியிருந்தது. அதற்கும் முன்பே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மருத்துவம் கற்பித்து, பின்னர் அதைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கியிருந்தார். கொழும்புக்கு வெளியே பல்கலைக்கழக மருத்துவ பீடம் வந்தது 1962இல், பேராதனையில். பீடம் இருந்ததே தவிர அதற்கென ஒரு வைத்தியசாலை இருக்கவில்லை. ஆகவே மருத்துவ மாணவர்கள் கண்டிப் பொது வைத்தியசாலை வாட்டுகளிலேயே நோயாளியைத் தொட்டுப் பார்த்துப் படித்தார்கள். பேராதனைப் போதனா வைத்தியசாலை 1980இல் திறக்கப்பட்ட பின் பேராசிரியர் பிரிவுகளின் இருப்பிடம் அதுவாயிற்று. நாலு மைல் தூரத்துக்குள் இரண்டு போதனா வைத்தியசாலைகள், பல் வைத்தியசாலை, சிறுவர் வைத்தியசாலை என்று கண்டிச் சுற்றுப்புறம் கொழும்புக்கு அடுத்த மருத்துவக் கல்வி மையமானது இப்படித்தான்.

பேராதனை பீடத்தின் முதல் பீடாதிபதி சேனக பிபிலே மருந்தியல் பேராசிரியர். அவரும் மேலே சொன்ன விக்கிரமசிங்கவும் 1971இல் மருந்துக் கொள்கை அறிக்கையை எழுதினார்கள். வணிகப் பெயர்களுக்குப் பதில் மருந்தின் பொதுப்பெயரில் கொள்வனவு, அரசாங்கத்தின் கையில் இறக்குமதி, தேவையற்றவற்றை நீக்கிய குறுகிய பட்டியல். தனியார் துறைக்காக இறக்குமதியான 2,000க்கும் மேற்பட்ட மருந்துகள் சுமார் 600ஆகக் குறைக்கப்பட்டன. அவ்வாண்டே அமைந்த அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்துக்கு பிபிலே தலைவரானார். 1977இல் கயானாவில் இறந்தார். கண்டி வட்டாரம் உலக மருத்துவத்துக்குக் கொடுத்தவற்றுள் இந்தச் சிந்தனைக்கே முதலிடம் தரவேண்டும்.

கண்டிக்கு அருகே, மகாவலிக்கு அப்பால் வாழும் குண்டசாலைவாசி ஒருவருக்கு இன்று இந்த அமைப்பு எப்படித் தெரிகிறது? சாதாரணக் காய்ச்சலுக்கு மெனிக்ஹின்ன வைத்தியசாலை; அது மாகாண நிர்வாகத்தின் கீழ் உள்ளது. மாகாண சபைகள் வந்த பின்னும் போதனா வைத்தியசாலைகள் மத்திய சுகாதார அமைச்சிடமே இருந்ததால், நோயாளி தென்னக்கும்புர பாலத்தைத் தாண்டிக் கண்டிக்கு மாற்றப்படும்போது ஒரு நிர்வாகத்திலிருந்து இன்னொன்றுக்கும் போகிறார். கையோடு போவது ஒரு கடிதம் மட்டுமே. அவசர அனுமதிகளை வாட்டுகள் முறைவைத்து ஏற்கும். முறை விழுந்த நாளில் கட்டிலுக்கு ஆள் மிஞ்சும். பட்டம் பெற்ற மருத்துவர்கள் ஆறு மாதம் ஒரு துறை, ஆறு மாதம் இன்னொரு துறை என ஓராண்டு உள்ளகப் பயிற்சி செய்வதும் இந்த வாட்டுகளில்தான். டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பின் கிளினிக் கொப்பியுடன் மாதாமாதம் வரவேண்டும். கட்டணமில்லை. ஆனால் தோட்டத்திலிருந்து வருபவருக்கு அரைநாட் சம்பளமும் பஸ் காசும் போகும். சிங்களம் தெரியாத முதியவர் பக்கத்துக் கட்டில்காரரின் மொழிபெயர்ப்பில் தன் நோவைச் சொல்ல நேர்வதும் உண்டு.

குண்டசாலையூடாக மகியங்கனைக்குச் செல்லும் ஏ26 வீதி இப்போது கண்டிக்குச் சிறுநீரக நோயாளிகளைக் கொண்டுவரும் வழிகளில் ஒன்று. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்திலும், அந்த வீதிக்கு அப்பால் கிராந்துருகோட்டைப் பக்கத்திலும், நீரிழிவோ உயர் குருதியழுத்தமோ இல்லாத விவசாயிகளின் சிறுநீரகங்கள் மெல்ல மெல்லச் செயலிழந்தன. குடிநீர், விவசாய இரசாயனம், வெப்பம் என்று பல காரணங்கள் ஆராயப்பட்டும் ஒன்றும் முடிவாகவில்லை. குருதி சுத்திகரிப்பு வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் நாலு மணித்தியாலம். வயலை விட்டு வந்தால்தான் உயிர். கண்டியின் சிறுநீரக மாற்றுப் பிரிவுக்கு வேலை குவிவதற்கு இந்நோய் ஒரு முக்கிய காரணம்.

மாற்றுச் சிகிச்சையில் கிடைத்த அனுபவம் 2017 ஜூலையில் இன்னொரு படி ஏறியது. மூளைச்சாவடைந்த ஓர் இளைஞரின் இதயத்தைப் பெண் ஒருவருக்குப் பொருத்தி, இலங்கையின் முதல் இதய மாற்றுச் சத்திரசிகிச்சை கண்டியில் நடந்தது. எடுத்த இதயத்தைச் சுமார் நாலு மணித்தியாலத்துக்குள் பொருத்தியாக வேண்டும். சத்திரசிகிச்சை நிபுணர் மட்டும் போதாது; மயக்க மருந்து, தீவிர சிகிச்சை, குருதி வங்கி, ஆய்வுகூடம் எல்லாம் ஒரே இரவில் ஒத்திசைய வேண்டும். அரச வைத்தியசாலையில், நோயாளியிடம் பணம் வாங்காமல் அதைச் செய்தார்கள்.

ஏறத்தாழ ஐந்தாண்டு கழித்து, 2022 மார்ச் இறுதியில், அந்நியச் செலாவணி நெருக்கடியால் மருந்து தீர்ந்து, பேராதனை வைத்தியசாலை அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை நிறுத்துவதாக அறிவித்தது. குறைந்தவற்றுள் ஒன்று நியோஸ்டிக்மின். மயக்கத்தின்போது தளர்த்திய தசைகளை மீட்கும் மலிவான மருந்து. அப்போது கொழும்பிலிருந்த இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் செய்தியைக் கண்டு உதவ முன்வந்தார். அடுத்த மாத இறுதியில் இந்தியக் கடற்படைக் கப்பலில் மருந்துகள் வந்தன. பிபிலே கற்பித்த அதே வளாகத்தில், அவருடைய குறுகிய பட்டியலில் இடம்பெறத் தகுந்த ஒரு பழைய மருந்துக்காகச் சத்திரசிகிச்சை மேசைகள் காத்திருந்தன.